ஆறு வயசுல மேடையேறிய பையன்... அவ்வை சண்முகம் தொலைத்ததும் ஜெயித்ததும்!

ஆறு வயசுல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? ஒண்ணாம் கிளாஸ், ஸ்கூல் விட்டதும் தெருவில் ஓடிப்பிடிச்சு விளையாட்டு, இருட்டினதும் அம்மா கூப்பிடுற சத்தம்... இவ்வளவுதானே? 1918-ல் அதே வயசுப் பையன் ஒருத்தர், மதுரையில் ஒரு நாடகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும் நாடகங்கள். மைக் கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். தூக்கம் வந்தால்? வரக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பையன்தான் பின்னாளில் 'அவ்வை' டி.கே.சண்முகம். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கமல் மாமி வேஷத்தில் வந்த 'அவ்வை சண்முகி' (1996) டைட்டில் இவருக்குச் செய்த மரியாதைதான். சென்னையில் லாயிட்ஸ் ரோடு இன்னைக்கு இவர் பெயரில்தான் இருக்கு. அது ராயப்பேட்டை பக்கம். ராயபுரம்னு நினைச்சு ஆட்டோ ஏறிடாதீங்க, அந்தக் குழப்பம் வடசென்னைக்காரங்களுக்கு மட்டும்தான் புரியும்!

சண்முகம் பிறந்தது 1912 ஏப்ரல் 26, திருவனந்தபுரத்தில். அப்பா கண்ணுசாமி பிள்ளை நாடக நடிகர், பெண் வேடத்தில் பேர் வாங்கியவர். நாடக பாஷையில் சொன்னால் 'ஸ்திரீபார்ட்'. அம்மா சீதையம்மாள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என்று நான்கு அண்ணன் தம்பிகள். இவங்கதான் பின்னாளில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த 'டி.கே.எஸ் சகோதரர்கள்'. 1918-ல் பகவதி ரொம்பக் குட்டி. மூத்தவர்கள் மூணு பேரும் போய்ச் சேர்ந்த இடம், தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நடத்திய 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'.

பேரில் 'பால' இருக்குல்ல? அது சும்மா இல்லை. அந்தக் கம்பெனியில் நடிப்பவர்கள் எல்லோரும் பசங்க. ராஜாவும் பையன்தான், ராணியும் பையன்தான், கிழவனும் பையன்தான். மக்கள் இதை 'பாய்ஸ் கம்பெனி' என்று கூப்பிட்டாங்க. சித்தார்த், பிருத்விராஜ் நடித்த 'காவியத் தலைவன்' (2014) பார்த்திருந்தால் அந்த வாழ்க்கை கொஞ்சம் பிடிபடும்.

ஏன் பசங்க? சுவாமிகள் முதலில் பெரியவர்களை வைத்துத்தான் நாடகம் போட்டார். அவரே நடிகர். எமன், சனீஸ்வரன் மாதிரி வேடங்களில் அவரைப் பார்த்தாலே ஜனங்க நடுங்குவாங்க என்று இப்பவும் கதை சொல்வாங்க. ஆனால், பெரிய நடிகர்களிடம் கட்டுப்பாடு இல்லை. ஒருத்தர் நேரத்துக்கு வர மாட்டார், இன்னொருத்தர் குடிச்சிட்டு வருவார், மேடையில் தோணினதைப் பேசுவார். சிறுவர்களுக்கு இந்தப் பிரச்னை இல்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் கொடுத்தபடி செய்வாங்க, வாத்தியாருக்குப் பயப்படுவாங்க, சம்பளமும் கம்மி. கடைசிக் காரணத்தைப் பழைய கட்டுரைகளில் அவ்வளவாக எழுத மாட்டாங்க. ஆனா, அதுவும் காரணம்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம்?

கம்பெனி வீடு என்பது ஹாஸ்டல், ஸ்கூல், ஆபீஸ் மூணும் சேர்ந்த ஓர் இடம். ஒரே சமையல், வரிசையாகப் பாய். காலையில் ஆர்மோனியத்தோடு பாட்டுப் பயிற்சி, அப்புறம் வசனம், ராத்திரி நாடகம். ஊர் ஊராகப் பயணம். தப்பு செய்தால் பிரம்படி. பாய்ஸ் கம்பெனிகளில் அது சர்வ சாதாரணம்.

சுவாமிகளின் நாடகங்களில் பாட்டுதான் பிரதானம். நூற்றுக்கணக்கான பாடல்களை ஒரு குழந்தை மனப்பாடமாக வைத்திருக்கணும். அதைவிடக் கஷ்டமான ஒன்று 'தர்க்கம்'. வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் வாக்குவாதம் பார்த்திருக்கீங்களா? இன்னைக்கும் மதுரை, புதுக்கோட்டை பக்கத் திருவிழாக்களில் அதுக்காகவே கூட்டம் உட்கார்ந்திருக்கும். எதிரில் இருப்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. அந்த நொடியில் பதில் வரணும், அதுவும் சுத்தமான தமிழில். சண்முகத்துக்குக் கிடைத்த ஆரம்ப வேடங்களில் ஒன்று நாரதர். யோசிச்சுப் பாருங்க... பால் பல் விழுகிற வயசில், நிறைஞ்ச சபையில், ஒரு குழந்தை வாதாடுது.

பையனின் ஞாபகசக்தியையும் குரலையும் பார்த்த சுவாமிகள், அவருக்காகவே ஒரு நாடகம் எழுத உட்கார்ந்தார். ஒரே ராத்திரியில் வசனம், பாட்டு எல்லாம் எழுதி முடிச்சிட்டார் என்பது தமிழ் நாடக உலகில் ரொம்பப் பிரபலமான தகவல். அதுதான் 'அபிமன்யு சுந்தரி'. அபிமன்யு வேடம் சண்முகத்துக்கு. ஒரு மேதை தூக்கத்தை விட்டு ஒரு சின்னப் பையனுக்காக நாடகம் எழுதுவது என்றால், அந்தப் பையனுக்கு அதைவிட என்ன வேணும்? சண்முகம் வாழ்நாள் முழுக்க சுவாமிகளைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்ததில் ஆச்சர்யமே இல்லை.

வடசென்னைக்கு இந்த உலகம் தூரம் கிடையாது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வீடு இருக்கும் தெருவுக்கு ஒத்தவாடை என்று பேர், அதுவே தியேட்டருக்கும் ஒட்டிக்கிச்சு. வெளியூர் நாடகக் கம்பெனிகள் சென்னைக்கு வந்தால் மேடையேற ஆசைப்படும் இடங்களில் அது முக்கியமானது. ராயபுரத்திலிருந்து நடந்தே போயிடலாம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிட்டு, ஆலையில் ஷிப்ட் முடிச்சிட்டு, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து விடிய விடிய நாடகம் பார்க்கிற ரசிகர்களுக்கு ஏற்ற ஏரியா அது.

விளையாட்டா, வேலையா?

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்குவோம். குழந்தைக்கு நடிப்பு நல்லதா?

காசிமேட்டில் மீன் ஏலத்தைப் பார்த்து வளரும் வாண்டுகள், சிப்பியையும் கல்லையும் வைத்து ஏலம் விட்டு விளையாடும். திருவொற்றியூர்ல வீட்டு வாசல் படிக்கட்டே பஸ் ஆகிடும், ஒருத்தன் டிரைவர், ஒருத்தி கண்டக்டர். சொப்பு சாமான், டீச்சர் விளையாட்டு, டாக்டர் ஊசி... எல்லாமே குட்டி நாடகங்கள்தான். இதில் என்ன நடக்குது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. 1933-ல் குழந்தை விளையாட்டு பற்றி அவர் ஆற்றிய உரை இன்னைக்கும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுது. நிஜ அக்காவும் தங்கையும் 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடினால் என்ன ஆகும்? வீட்டில் சும்மா இருக்கும்போது யோசிக்காத விஷயம் ஒன்றை அப்போ யோசிப்பாங்க. அக்கான்னா எப்படி நடந்துக்கணும்? தங்கைன்னா எப்படிப் பேசணும்? யாரும் மிரட்டாமலேயே ஒரு விதியைத் தானாக ஏற்றுக்கொள்ளக் குழந்தை கத்துக்கிற இடம் விளையாட்டு. நிஜ வாழ்க்கையில் அஞ்சு நிமிஷம் அசையாமல் நிற்க முடியாத பையன், காவல்காரன் வேஷம் கட்டினால் இன்னும் அதிக நேரம் விறைப்பாக நிற்பான்.

அப்படிப் பார்த்தால் பாய்ஸ் கம்பெனி ஒரு அற்புதமான பள்ளிக்கூடம். ஞாபகசக்தி, மொழி, தைரியம், கூட்டத்தோடு சேர்ந்து இயங்குவது என எல்லாத்தையும் அது கொடுத்தது. சந்தேகம் இருந்தால் லிஸ்ட்டைப் பாருங்க. எம்.ஜி.ஆர், சிவாஜி, எம்.ஆர்.ராதா, பி.யு.சின்னப்பா, கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்... எல்லோரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவங்க.

ஆனா, இந்த லிஸ்ட்டில் ஒரு ஏமாற்று இருக்கு. ஜெயிச்சவங்க பெயர் மட்டும்தான் அதில் இருக்கும்.

நாடகக்காரர்களிடம் 'மகரக்கட்டு' என்று ஒரு வார்த்தை உண்டு. பதின்மூணு, பதினாலு வயசில் பையனுக்குக் குரல் உடையுமே, அதுதான். நேத்து வரைக்கும் ராணியாகப் பாடி கைத்தட்டல் வாங்கியவன், ஒரே மாசத்தில் பாட முடியாமல் நிற்பான். குரல் திரும்பினால் ராஜபார்ட். திரும்பலைன்னா திரைச்சீலை இழுக்கிற வேலை, இல்லை வீட்டுக்கு டிக்கெட். வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? பள்ளிக்கூடம் போகலை, வேறு தொழில் தெரியாது. இப்படித் திரும்பிப் போன பசங்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கலை. சுவாமிகளின் இன்னொரு கம்பெனியில் ஆறு வயசு வாக்கில் பாட வந்த எஸ்.ஜி.கிட்டப்பா, தமிழ்நாட்டையே தன் குரலால் கட்டிப்போட்டார். 1933-ல் இறந்தபோது அவருக்கு வயசு 27. சிவாஜி கம்பெனியில் சேர்வதற்காகத் தனக்கு அம்மா அப்பா இல்லை என்று பொய் சொன்னதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு குழந்தை அப்படிச் சொல்லிட்டு நடிக்க ஓடுவதில் ஆசையும் இருக்கு. அப்படிச் சொன்னா சேர்த்துக்கிற உலகமும் இருக்கு.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் சிறுவர் நாடகக் குழுக்கள் சக்கைப்போடு போட்டன. 1600-ல் தாமஸ் கிளிஃப்டன் என்ற பையனைப் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே தூக்கிட்டுப் போய் நடிக்க வைக்கப் பார்த்தாங்க. அப்பா செல்வாக்கான ஆள் என்பதால் புகார் கொடுத்து மீட்டார். செல்வாக்கில்லாத அப்பாக்களின் பிள்ளைகள்?

வைகாட்ஸ்கி சொன்னது திரும்பவும் இங்கேதான் உதவுது. காவல்காரனாக நிற்கும் குழந்தை, போரடிச்சா வேஷத்தைக் கலைச்சிட்டு ஓடிடலாம். கம்பெனிப் பையன் ஓட முடியாது. டிக்கெட் வித்தாச்சு.

வாத்தியார் இல்லாத வகுப்பு

சண்முகத்துக்கு முதல் பெரிய அடி சீக்கிரமே விழுந்தது. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிய மனிதருக்குப் பேச்சு போனது. 1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் இறந்தார். அப்போ சண்முகத்துக்குப் பத்து வயசு. அந்த வயசில் ஒரு பையனுக்கு வாத்தியார், முதலாளி, தாத்தா எல்லாமே ஒருத்தர்தான் என்றால், அந்த இழப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1925 மார்ச் 31. திருவனந்தபுரத்தில் சகோதரர்கள் சேர்ந்து சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார்கள், 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை'. சண்முகத்துக்கு இன்னும் 13 முடியவில்லை. நேத்து வரைக்கும் கம்பெனிப் பையன், இன்னைக்குக் கம்பெனிக்காரர். வீட்டுப் பிள்ளைகளைத் தேடி வந்து சேர்க்கும் பொறுப்பு இப்போ இவங்க தலையில்.

இங்கேதான் இவர் எனக்குப் பிடிச்ச ஆளாக மாறுகிறார். தானும் அடிபட்டுத்தானே வளர்ந்தேன், இவனும் அப்படியே வளரட்டும் என்று விட்டிருக்கலாம். நிறைய பேர் விட்டாங்க. டி.கே.எஸ் கம்பெனியில் கட்டுப்பாடு கறாராக இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனா கூடவே படிப்பும் வந்தது. பள்ளிக்கூடம் போகாத நடிகர்கள் புத்தகம் படிக்கப் பழகினாங்க. கம்பெனிக்குள்ளேயே கையெழுத்துப் பத்திரிகை நடத்தி, நடிகர்களே கட்டுரை எழுதினாங்க. நாஞ்சில் நாட்டுக்காரரான ஜீவா, அதாவது ப.ஜீவானந்தம், இவங்களுக்கு நெருங்கிய நண்பர். அவர் மூலமாக அரசியலும் இலக்கியமும் பேச்சில் கலந்தன. பாடி மட்டுமே பழகியவர்களுக்கு, எம்.கந்தசாமி முதலியார் வந்து வசனத்தை இயல்பாகப் பேசி நடிக்கச் சொல்லிக் கொடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நாவல் மேடையேறி ஜெயித்து, 1935-ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் சினிமாவும் ஆனது. பேசிப் பழகினவனுக்குக் குரல் உடைந்தாலும் பிழைப்பு உண்டு. பாட்டை மட்டும் நம்பின கம்பெனிகளில் பசங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இங்கே வளர்ந்து வெளியே போனவர்களைப் பார்த்தால் அது புரியும். என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், ஏ.பி.நாகராஜன். கடைசியாகச் சொன்னவர் சின்ன வயசில் இங்கே பெண் வேடம் கட்டியவர். பிற்காலத்தில் 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' படங்களை இயக்கியவர் அவரேதான்.

1940-களில், முப்பது வயசைத் தொட்ட சண்முகம், அவ்வைப் பாட்டியாக மேடையேறினார். கூன் விழுந்த முதுகு, கைத்தடி, நடுங்கும் குரல். ஆறு வயசிலிருந்து ஆணாகவும் பெண்ணாகவும் தேவராகவும் முனிவராகவும் மாறி மாறிப் பழகின உடம்பு அது. பாட்டியாக மாறுவது அதுக்குப் புதுசில்லை. ஜனங்க அந்தப் பாட்டியை நிஜமாகவே நம்பினாங்க. பெயருக்கு முன்னால் 'அவ்வை' வந்து உட்கார்ந்தது, கடைசி வரை போகவே இல்லை. 1944 பிப்ரவரியில் ஈரோட்டில் தமிழ் நாடகக் கலைக்கு மாநாடு கூட்டினதும் இந்தச் சகோதரர்கள்தான். பிறகு அரு.ராமநாதனின் 'ராஜராஜ சோழன்', கல்கியின் கதைகள் என்று பெரிய பெரிய நாடகங்கள். அந்தக் காலக்கட்டத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே வேண்டாம்.

குழந்தைகளுக்கே ஒரு நாடகம்

நமக்கு முக்கியம் 1960-களில் அவர் செய்த ஒரு காரியம். குழந்தைகளை வைத்து, குழந்தைகளுக்காகவே 'அப்பாவின் ஆசை' என்று ஒரு நாடகம் போட்டார். அதில் நடித்த பசங்களில் ஒருவர்தான் கமல்ஹாசன். 'களத்தூர் கண்ணம்மா'வில் நடிச்சிட்டு, சினிமாவில் இனி சின்னப் பையன் வேஷமும் இல்லை, பெரிய ஆள் வேஷமும் இல்லை என்கிற இடைவெளி வயசில் அவர் வந்து சேர்ந்த இடம் சண்முகம் அண்ணாச்சியின் மேடை. இன்னைக்கு வரைக்கும் அவரைத் தன் குருவாகத்தான் கமல் சொல்கிறார்.

வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? 1918-ல் பெரியவங்க ரசிக்கக் குழந்தைகள் பெரியவங்களாக நடிச்சாங்க. இந்த நாடகத்தில் குழந்தைகள் ரசிக்கக் குழந்தைகள் நடிச்சாங்க. ஒத்திகை முடிஞ்சா இந்தப் பசங்க கம்பெனி வீட்டுப் பாயில் படுக்கலை. அவங்கவங்க வீட்டுக்குப் போனாங்க.

இது சட்டமாக வர இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா குழந்தைகள் உரிமை உடன்படிக்கை சொன்னது 1989-ல். இந்தியா அதில் இணைந்தது 1992-ல். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தம், 14 வயசுக்குள் இருக்கிற குழந்தை படிப்பு கெடாமல் கலைஞராக நடிக்கலாம் என்கிறது. அடுத்த வருஷம் வந்த விதிகள்படி ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தை பெயரில் வங்கியில் டெபாசிட் ஆகணும். விடிய விடிய நாரதராக நின்ற ஆறு வயசுப் பையனுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. டி.வி ஷோவில் அழ வைக்கப்படும் குழந்தைக்கும், நாளுக்கு நாலு ரீல்ஸுக்கு ஆட வைக்கப்படும் குழந்தைக்கும் இதெல்லாம் இருக்கா என்று நீங்களே பார்த்துக்கோங்க.

பத்மஸ்ரீ 1971-ல் வந்தது. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1972-ல் 'எனது நாடக வாழ்க்கை' புத்தகம் வெளியானது. பாய்ஸ் கம்பெனி உள்ளே இருந்து எப்படி இருந்தது என்று தெரிஞ்சுக்க இன்னைக்கும் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் அது. கசப்பைத் தேடி அதைத் திறந்தால் ஏமாந்துபோவீங்க. சுவாமிகள் மேல் அவ்வளவு பாசம், கூட நடித்தவர்கள் மேல் அவ்வளவு அக்கறை. அதனாலேயே, தொலைந்து போன பள்ளிக்கூட நாள்களை நாமதான் வரிகளுக்கு நடுவில் தேடிக்கணும்.

1973 பிப்ரவரி 15-ம் தேதி சண்முகம் காலமானார். வயசு 60. அவர் மேடையில் ராஜராஜனாக நின்ற அதே நாடகம், சிவாஜி நடிப்பில் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஒன்றரை மாசம் கழித்து, மார்ச் 31-ம் தேதி ரிலீஸ் ஆனது. சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினதும் ஒரு மார்ச் 31-தான். படத்தை இயக்கியவர், அந்தக் கம்பெனியில் பெண் வேடம் கட்டி வளர்ந்த ஏ.பி.நாகராஜன்.